லைன் போனதை யார் முதலில் சொல்வது? பிங், எஸ்.என்.எம்.பி., டிராப்: ஓர் அலசல்

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. பினாங்கு லெபோ பாசாரில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் துணிக்கடையின் கல்லாவிலிருந்து அழைப்பு. "அண்ணே, கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. லைன் இல்லை போலிருக்கிறது." ஓடிப்போய் மாடி அலுவலகத்தில் கண்காணிப்புத் திரையைப் பார்த்தால், எல்லாம் பச்சை. ரூட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஃபைபர் பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

தெருவில் எங்கோ ஃபைபர் அறுந்திருந்தது. ரூட்டரையும் பெட்டியையும் இணைப்பதோ அரை மீட்டர் செம்புக் கேபிள். பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை ரூட்டரின் போர்ட் ‘அப்’ என்றுதான் சொல்லும். போர்ட்டைக் குறை சொல்ல முடியாது. அந்த அரை மீட்டரைப் பற்றித்தான் அதனிடம் கேட்டிருந்தேன்.

எஸ்.என்.எம்.பி. என்பது நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்பதற்கான நெறிமுறை. இந்த முறையில் கண்காணிப்பு சர்வர் குறித்த இடைவெளியில் ரூட்டரிடம் போய்க் கேட்கிறது. ரூட்டரின் ஒவ்வோர் இன்டர்ஃபேஸுக்கும், அதாவது இணைப்பு முனைக்கும், இரண்டு நிலைகள் உண்டு: நாம் வைத்திருக்கும் நிலை, உண்மையில் இருக்கும் நிலை. இரண்டுமே ‘டவுன்’ என்றால் யாரோ வேண்டுமென்றே மூடியிருக்கிறார்கள். முதலாவது ‘அப்’, இரண்டாவது ‘டவுன்’ என்றால்தான் அலாரம் அடிக்க வேண்டும். ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பிங்கில் இந்த நுணுக்கம் கிடையாது. பி.பி.பி.ஓ.ஈ. வழியாக, அதாவது ரூட்டர் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் முறையில், இணையம் வரும் கடைகளில் போர்ட்டை விட்டுவிட்டு, அதன்மேல் உருவாகும் மெய்நிகர் இன்டர்ஃபேஸைக் கண்காணியுங்கள். ஃபைபர் அறுந்தால் சற்று நேரத்தில் அது விழுந்துவிடும். நான் அன்று செய்யத் தவறியது இதைத்தான்.

இதிலும் தொல்லைகள் உண்டு. சில ரூட்டர்களில் மறுதொடக்கத்துக்குப் பிறகு இன்டர்ஃபேஸின் வரிசை எண் மாறிவிடும். பெயரைக் கொண்டு அடையாளம் காண்பதே பாதுகாப்பு. போக்குவரத்து அளவையும் பார்ப்பதாக இருந்தால் கடந்துபோகும் பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணியை நம்பாதீர்கள். 1 ஜிகாபிட் முழு வேகத்தில் அது 34 விநாடியில் சுழன்று மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவருக்குக் கிடைக்கும் வரைபடம் வெறும் கற்பனை. 64 பிட் எண்ணியே சரி.

பிங்கை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளியிலிருந்து ஒரு மலிவான சர்வர் கடையை நோக்கி பிங் அனுப்பினால், அறுந்த ஃபைபரை அது ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் சர்வருக்கு விஷயம் தெரிந்தாலும், செய்தி வெளியே போக லைன் வேண்டுமே! ஆனால் பிங்குக்கு ஒரு கண் குருடு. பட்டர்வொர்த் கிடங்கில் மெயின் லைன் விழுந்ததும் சிம் கார்டு பேக்கப் ஏற்றுக்கொண்டது. வி.பி.என். என்பது இணையத்தின் மேல் போடும் தனிப்பாதை, எந்த லைனிலும் ஓடும். அதன் முகவரிக்குப் போன பிங் தொடர்ந்து பதில் பெற்றது. டேட்டா தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

டிராப் என்பது ரூட்டர் தானாகவே கத்துவது. போர்ட் விழுந்த நொடியே சொல்லிவிடும் என்பது அதன் பெருமை. ஆனால் அது ஒப்புகை கேட்காத யு.டி.பி. முறையில் போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று ரூட்டர் பார்ப்பதில்லை. இருக்கும் ஒரே லைன் விழுந்துவிட்டால் எந்த வழியாகக் கத்தும்? டிராப்பைப் போன்ற ‘இன்ஃபார்ம்’ வகை ஒப்புகை கேட்கும், பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதுவும் சில முறைதான். பேக்கப் லைன் உள்ள இடத்துக்கு டிராப் நல்லது, இல்லாத இடத்தில் வீண்.

கருவிகளே தகவலை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அளவுக்குச் சரி. ஆறு கடைக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

இப்போது வெளியிலிருந்து பிங், உள்ளே ஒரு நிமிட இடைவெளியில் எஸ்.என்.எம்.பி., பேக்கப் உள்ள இரண்டு இடங்களில் மட்டும் டிராப் என்று வைத்திருக்கிறேன். அடுத்தடுத்து மூன்று முறை பதில் வராவிட்டால்தான் என் போன் ஒலிக்கும். இன்டர்ஃபேஸ் விவரத்தில் ‘போர்ட் 1’ என்று இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, ‘லெபோ பாசார் மெயின் ஃபைபர்’ என்று எழுதிவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு அதைப் படிக்கப்போவது நான்தானே.