பச்சை விளக்கு எரியும், மெயில் வராது: சொந்த மெயில் சர்வர் அனுபவம்

வாடிப்பட்டியில் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: “நீ வச்சிருக்கிற மாதிரியே எங்க ஆபீஸ்லயும் ஒரு மெயில் சர்வர் போட்டுருவோமா மாப்ள?” கப்பலூரில் எங்கள் கம்பெனி சர்வரோடு மல்லுக்கட்டி முடித்த நேரம் அது, போனில் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், மெயிலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், வந்த மெயிலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க டவ்காட், மெயில் நம்மிடமிருந்துதான் போனது என்று காட்டும் டிகிம் கையெழுத்துக்கு ஓப்பன்டிகிம், வழக்கமான கூட்டணிதான்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை போஸ்ட்ஃபிக்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1998இல் வெளிவந்தது, இன்றைக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. லாக் எழுதுவதில் அவ்வளவு நேர்மை: எந்த மெயில் எங்கே நிற்கிறது, எதிர்முனை என்ன சொல்லித் திருப்பியது, எல்லாம் வரி வரியாக இருக்கும்.

என் கோபமெல்லாம் ரீபூட் மேல்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று நாள் முழுக்க கரண்ட் போகும்போது யூபிஎஸ் மதியம் வரை தாங்காது. கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழுந்துகொள்ளும், மெயில் மட்டும் எழாது. போய் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்ஃபிக்ஸ்’ என்று கேட்டால் பச்சையாக ‘ஆக்டிவ்’ என்று காட்டுகிறது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘எக்சிட்டட்’, அதாவது ஓடி முடிந்துவிட்டது, என்று ஒரு வார்த்தை இருக்கும், அவசரத்தில் அதை யார் பார்ப்பது? ஆளில்லாத கடையில் லைட் எரிகிற மாதிரி. இந்தப் பதிப்பில் அந்த சர்வீஸ் வெறும் உறை, உள்ளே அது ஓட்டுவது எதுவுமே செய்யாத ‘ட்ரூ’ என்ற கட்டளையை. நிஜ வேலை நடப்பது ‘போஸ்ட்ஃபிக்ஸ்@-’ என்ற இன்னொரு யூனிட்டில். ஒரே மெஷினில் பல போஸ்ட்ஃபிக்ஸ் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு, சரி, ஆனால் உள்ளே இருப்பது விழுந்துகிடக்கும்போது வெளியே பச்சை காட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் அந்த ஸ்டேட்டஸைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ‘எஸ்எஸ்’ கட்டளை போட்டு மெயிலுக்கான 25, 587, 993 போர்ட்டுகளில் யாராவது காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன், இல்லை என்றால் ‘ஜர்னல்சிடிஎல் -பி’ போட்டு அந்த ‘@-’ யூனிட்டின் லாக்கை எடுப்பேன்.

அங்கேதான் விஷயம் இருந்தது. எந்த முகவரியில் மெயில் வாங்குவது என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் ‘இனெட் இன்டர்ஃபேசஸ்’ வரியில் சர்வரின் ஐபி முகவரியை எழுதி வைத்திருந்தார்கள், அந்த முகவரியில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸே இல்லை என்று போஸ்ட்ஃபிக்ஸ் செத்துப்போயிருந்தது. ஐபி கொடுப்பது ரவுட்டர். ரவுட்டர் இருக்கும் அறைக்கு யூபிஎஸ் லைன் கிடையாது, அந்த அறையின் மெயின் சுவிட்சை வாட்ச்மேன் அண்ணன் வந்து போட்டால்தான் உயிர் வரும். பூட் ஆகும்போது சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி நெட்வொர்க்குக்காக 2 நிமிடம் காத்திருக்கும், அப்புறம் கிடைத்தது போதும் என்று எல்லாவற்றையும் கிளப்பிவிடும். அந்த வரியில் ‘ஆல்’, அதாவது எல்லா முகவரியும், என்று மாற்றினேன், அதோடு அந்த வியாதி போனது.

ஓப்பன்டிகிம் கதை வேறு. முதலில் செட்டப் செய்து கொடுத்தவர், போஸ்ட்ஃபிக்ஸ் அதோடு பேசும் வழியான சாக்கெட்டுக்கு ‘ரன்’ ஃபோல்டருக்குள் கையால் ஒரு டைரக்டரி உருவாக்கிவிட்டுப் போயிருக்கிறார். ‘ரன்’ என்பது மெமரியில் இருப்பது, ரீபூட் ஆனால் காலி. டைரக்டரி இல்லை, சாக்கெட் இல்லை, ஓப்பன்டிகிம் கிளம்பாது. ஓப்பன்டிகிம் மாதிரி மெயிலை இடையில் கையாளும் துணை நிரலை மில்டர் என்பார்கள், அது கிடைக்காவிட்டால் ‘டெம்ப்ஃபெயில்’, அதாவது தற்காலிக மறுப்பு, என்பதுதான் போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு, அதனால் வருகிற மெயிலுக்கெல்லாம் 451 என்ற தற்காலிகப் பிழை எண்ணைச் சொல்லி அப்புறம் வா என்று அனுப்பிவிடும். ‘அக்செப்ட்’ என்று மாற்றிவிடு என்பார்கள், செய்யாதீர்கள், கையெழுத்தில்லாமல் மெயில் வெளியே போகும், 2024 பிப்ரவரிக்குப் பிறகு ஜிமெயில் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். ‘டிஎம்பிஃபைல்ஸ்.டி’ ஃபோல்டரில் ஒரே ஒரு வரி எழுதினால் ஒவ்வொரு பூட்டிலும் டைரக்டரி சரியான ஓனரோடு தானாக உருவாகும். அதை அன்றைக்கே செய்து கொடுத்திருக்கலாம் அந்த மனிதர்.

இவ்வளவு நடந்தும் எனக்குத் தெரிந்து ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. நாம் விழுந்துகிடந்தால் அனுப்பியவர் சர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், போஸ்ட்ஃபிக்ஸே இயல்பாக 5 நாள் வைத்திருக்கும். ஆர்டர் மெயில் சாயங்காலம் ஒரே கொத்தாக வந்து இறங்கியபோது முதலாளியைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

அதனால் நான் இதை மாற்றப் போவதில்லை. ஆனால் மாப்ள, நீ போடாதே. பத்துப் பேர் ஆபீஸுக்கு மாத வாடகை மெயிலே போதும், கரண்ட் வந்தவுடன் ஓடிப்போய் லாக் பார்க்க உன் ஆபீஸில் ஆள் கிடையாது. போட்டே தீருவேன் என்றால் முதலில் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கு, கான்ஃபிக் ஃபைலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.