திரும்பி வந்தது என் கேமரா இல்லை

பழைய கேமரா, போன், லேப்டாப் எதையாவது இணையத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால், பார்சலை ஒட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்குக் கேமராவும் போனது, பணமும் போனது. இத்தனைக்கும் நான் அவசரப்பட்டு விற்ற ஆள் இல்லை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விற்றது ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா, லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும். ஐந்து வருடம் என் கையில் இருந்தது. ஷட்டர் கணக்கு, அதாவது படம் எடுக்க ஷட்டர் திறந்து மூடிய தடவைகள், 18,000-ஐ ஒட்டித்தான் இருந்தது. நடுத்தர வகைக் கேமராக்களின் ஷட்டர் 1,00,000 தடவையாவது தாங்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்வதால், அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். விளம்பரத்தில் 12 படம் போட்டேன். கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் லேசாகத் தூக்கியிருந்ததைக்கூட மறைக்காமல் கிட்டத்தில் எடுத்துப் போட்டேன். அடிப்பகுதியை மட்டும் எடுக்கவில்லை. சீரியல் எண் அங்கேதான் இருக்கிறது. அதைப் பொதுவில் காட்டினால் யாராவது தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் விளம்பரத்தில் போடாவிட்டாலும் எனக்கென்று ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாமே!

பார்சல் கிடைத்ததும் வாங்கியவர், "வந்திருச்சு சார், சூப்பரா இருக்கு" என்று எழுதினார். ஐந்தாம் நாள், சென்சாரில் (படத்தைப் பதிவு செய்யும் பாகத்தில்) கோடு விழுகிறது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று புகார். கூடவே ஒரு படம், நடுவில் கறுப்புக் கோட்டோடு. கேமராவில் எடுத்த அசல் ஃபைலை அப்படியே அனுப்பச் சொன்னேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நான் உஷாராகியிருக்க வேண்டிய இடம் அதுதான். அசல் ஃபைலுக்குள் எந்தக் கேமரா, எந்தத் தேதி என்ற எக்ஸிஃப் விவரம் இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் அது இருக்காது. அசலைக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் அசலைத் தரும்வரை பேச்சை நிறுத்தி வைக்க வேண்டும். நானோ, போகட்டும், வழியில் அடிபட்டிருக்கும், மனிதரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று நினைத்து, திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டேன்.

திரும்பி வந்த பெட்டியை வீட்டில் சாதாரணமாகக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தேன். கேமராவைக் கையில் எடுத்தபோது கட்டைவிரல் தானாக அந்தத் தூக்கியிருந்த ரப்பரைத் தேடிப் போனது. அங்கே ரப்பர் வழவழவென்று ஒட்டியிருந்தது. ஐந்து வருடப் பழக்கம், விரலுக்குத் தெரியாதா? அதே மாடல், அதே நிறம், ஆனால் என் கேமரா இல்லை. ஷட்டர் கணக்கைப் பார்த்தேன், 90,000-ஐத் தாண்டியிருந்தது. சென்சாரில் கோடும் உண்மையாகவே இருந்தது. அவருடைய பழுதான கேமராவை என்னிடம் தள்ளிவிட்டு, என்னுடையதை வைத்துக்கொண்டார்.

உடனே நான் விற்ற இணையதளத்தின் உதவிப் பிரிவில் புகார் கொடுத்தேன். ரப்பரைப் பற்றிச் சொன்னேன். பசை வைத்து ஒட்டியிருக்கலாமே என்றார்கள். அப்புறம்தான் பழைய படங்கள் நினைவுக்கு வந்தன. என் கேமரா, எடுக்கும் ஒவ்வொரு படத்தின் ஃபைலிலும் தன் சீரியல் எண்ணை எழுதும் வகை. மகளின் முதல் பிறந்தநாள் படங்களிலிருந்து அந்த எண்ணைத் தோண்டி எடுத்து, திரும்பி வந்த கேமராவின் எண்ணோடு பக்கத்தில் வைத்து அனுப்பினேன். இரண்டும் வேறு. ஜெயித்துவிட்டேன் என்றே நம்பினேன்.

பதில் வந்தது. உங்களிடம் அந்த எண்ணுள்ள கேமரா இருந்தது என்பதை இது காட்டுகிறது, நீங்கள் அனுப்பிய பெட்டிக்குள் இருந்தது அதுதான் என்பதைக் காட்டவில்லை என்றார்கள். கோபத்தில் கொதித்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்து யோசித்தால், அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது உண்மை. நானே இரண்டு கேமரா வைத்திருந்து பழுதானதை அனுப்பியிருந்தாலும் இதே படங்களைத்தானே காட்டியிருப்பேன். பொருளுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டுவிட்டேன். திரும்பி வந்த பெட்டியைத் திறந்தபோதும் அதே இடைவெளிதான். பணம் அவருக்கே போனது.

அந்த இடைவெளியை அடைப்பது ஒரே ஒரு வீடியோ. பொருளை ஓடவிட்டுக் காட்டி, சீரியல் எண்ணைப் படிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் காட்டி, அதே ஓட்டத்தில் பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, முகவரிச் சீட்டும் கண்காணிப்பு எண்ணும் தெரிகிறவரை எங்கும் வெட்டாமல் எடுங்கள். கேமரா முன்னாலிருந்து பொருள் ஒரு நொடிகூட விலகக் கூடாது. திரும்பி வரும் பார்சலைத் திறக்கும்போதும் இதேதான், ஒட்டிய பெட்டியில் ஆரம்பித்து உள்ளே இருப்பதன் எண்வரை. கூரியர் ரசீதில் எடை பதிவாகிறதா என்றும் பாருங்கள். காலிப் பெட்டி வந்தது, கல் வந்தது என்கிற புகாருக்கு அது உதவும். எனக்கு நடந்ததுபோல அதே மாடலை மாற்றி வைத்தால் எடையில் ஒன்றும் தெரியாது.

போன் விற்பவர்கள் *#06# அழுத்தினால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். முதல் 8 இலக்கம் மாடலைக் குறிப்பது, ஒரே மாடலில் இரண்டு போனுக்கு அது ஒன்றாகவே இருக்கலாம். எனவே கடைசி இலக்கம்வரை ஒப்பிடுங்கள். லேப்டாப் என்றால் வெளி எண் மட்டும் போதாது. அதே லேப்டாப் திரும்பி வரும், உள்ளே ரேமும் எஸ்எஸ்டியும் மாறியிருக்கும். உள்பாகங்களின் எண்களையும் திரையில் வரவழைத்து அதே வீடியோவில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. தளம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் வீடியோவை அழித்துவிடாதீர்கள். கார்டில் பணம் கட்டியவர், விவரித்தபடி பொருள் இல்லை என்று தன் வங்கியிடம் நேரடியாகப் போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். அதற்கான கெடு பல நேரம் மாதக்கணக்கில் நீளும். கணக்கில் வந்து சேர்ந்த பணம்கூட அப்படித் திரும்பப் போவதுண்டு.

வந்த கேமரா இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. உதிரி பாகத்துக்கு விற்றுவிடு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் வரவில்லை. அது அவருடையதுதானா, அதற்கு முன்னால் வேறு யாரிடமாவது ஏமாற்றி எடுத்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதன் எண்ணைப் புகாரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாராவது அந்த எண்ணைத் தேடி வந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.