கரிசல் தொளியில் ஆறு வருடம்: என் எம்.எம். 540 பந்தய ஜீப்

இந்த ஜீப் என்னிடம் வந்து ஆறு வருடம் முடிந்துவிட்டது. மகிந்திரா எம்.எம். 540, பெஜோ டீசல் இஞ்சின், 2112 சி.சி., நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. திருமங்கலத்தை அடுத்த கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. சேற்றுக் குழிக்குள் வண்டியை விட்டு ஓட்டுகிற சேற்றுப் பந்தயத்துக்கென்றே வாங்கி, வெட்டி, ஒட்டி, உடைத்து, திரும்பச் சேர்த்த வண்டி. இதில் இறங்க நினைக்கும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, இஞ்சின்ல எவ்வளவு ஏத்தியிருக்கீங்க?" என்றுதான். இஞ்சினில் நான் கை வைக்கவே இல்லை. வரும்போது இருந்த அதே 60 சொச்சம் குதிரை சக்திதான் இன்றைக்கும். பணம் போனதெல்லாம் டயருக்கும் ஆக்சிலுக்கும் கழுவுகிற வேலைக்கும்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வருடம் எல்லோரையும் போல அகலமான டயர் மாட்டினேன், 31 இஞ்ச் உயரம், 10.5 இஞ்ச் அகலம். பார்க்க அவ்வளவு அழகு. மாமாவின் வயலில் தண்ணீர் கட்டி, இரண்டு சால் உழுது தொளியாக, அதாவது குழைசேறாகக் கலக்கி, அதில் விட்டுப் பார்த்தோம். முப்பது அடி போவதற்குள் நாலு டயரும் உருண்டைக் களி மாதிரி ஆகிவிட்டன. பட்டைகளுக்கு நடுவே கரிசல் அடைத்துக்கொண்டால் டயரில் பிடிப்பே இருக்காது. கரிசல் தண்ணீரைக் குடித்து உப்பும் மண். ஒட்டினால் லேசில் விடாது. பக்கத்து வயலில் ஒரு டிராக்டர் கேஜ் வீல் மாட்டி அதே சேற்றில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. இரும்புக் கூண்டு அது. சேறு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் விழுந்துவிடும், தங்க இடமே கிடையாது. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் இந்தப் பந்தயம் ஓட்டுகிறவர்களும் இதையேதான் வேறு வழியில் செய்கிறார்கள். அங்கே 200, 300 அடி நீளத்துக்கு நேராகச் சேற்றுக் குழி. டயரின் உயரத்தையும் வகையையும் வைத்து வகுப்புப் பிரிப்பார்கள். டயர் பட்டைகளை வெட்டி இடைவெளியை அகலப்படுத்துவார்கள். பெரிய வகுப்புகளில் படகுத் துடுப்பு போன்ற பட்டை வைத்த டயர், சூப்பர்சார்ஜர் வைத்த வி8 இஞ்சின், ஆல்கஹால் எரிபொருள் எல்லாம் உண்டு. அவ்வளவு சக்தி வைப்பதற்கு முக்கியக் காரணம் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதே. சுற்றுகிற வேகத்தில் சேறு தானாகத் தெறித்து டயர் சுத்தமாகும். நம் சின்ன டீசல் இஞ்சினுக்கு அந்த வேகம் வராது. அதனால் சேறு ஒட்டவே இடம் கொடுக்காத டயர்தான் நமக்கு வழி.

இரண்டாம் வருடம் 7.50-16 லக் டயருக்கு (தடித்த குறுக்குப் பட்டை வைத்தது) மாறினேன், சின்ன லாரிகளுக்குப் போடுவது. உயரம் ஏறக்குறைய அதே 31 இஞ்ச், அகலம் குறைவு. ரீட்ரெடிங் கடையில் சூடான கத்தியால் ஒன்றுவிட்டு ஒரு பட்டையை வெட்டி எடுக்கச் சொன்னேன். காற்று 14 பவுண்டு. தொளியில் முக்கால் அடி, ஒரு அடிக்குக் கீழே கலப்பை இறங்காத கெட்டி அடுக்கு ஒன்று இருக்கும். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அதில் போய் உட்காரும். லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலை) இரண்டாவது கியர் போட்டு எடுத்து, சேற்றுக்குள் இறங்குவதற்குள் மூன்றாவதுக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளே போனபிறகு கியர் மாற்றினால் கிளட்ச் மிதிக்கிற அந்த அரை நொடியில் வண்டி நின்றுவிடும்.

அப்புறம் ஆக்சில். ஒரு சக்கரம் வழுக்கினால் இழுவை முழுதும் அதற்கே போய்விடும் என்பதால் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பின் டிஃபரன்ஷியலை வெல்டு வைத்துப் பூட்டினோம். பிடிப்பு பிரமாதம், உண்மை. ஆனால் திருப்பத்தில் இரண்டு சக்கரமும் ஒரே அளவு சுற்றியாக வேண்டும். அந்த முறுக்கு எல்லாம் ஆக்சில் ஷாஃப்டில் விழும். மூன்றாம் வருடம் பாதிச் சேற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. பட்டறையில் உடைந்த துண்டை உருவி எடுத்து, டீசலில் துடைத்து, வெயிலில் என்னிடம் நீட்டினார் மேஸ்திரி.

"பாருங்க தம்பி, இந்த ஓரம் கறுத்திருக்கே, இது போன வருசமே வெடிச்சது. நடுவுல சீனி மாதிரி மின்னுதே, அதுதான் இன்னிக்கு ஒடஞ்சது."

ஒரு வருடமாக விரிசல் விட்ட ஷாஃப்டோடு ஓட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து இரண்டு போட்டிக்கு ஒரு தடவை ஷாஃப்டை உருவி, கை விரலால் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை. வெல்டை எடுத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் பூட்டுகிற லாக்கர் போட்டேன். செலவு அதிகம்தான். ஆனால் இந்த ஆறு வருடத்தில் செய்த செலவுகளில் நான் ஒருபோதும் வருந்தாதது இது.

இனி கழுவுவது. ஓட்டம் பத்துப் பதினைந்து நொடி, கழுவ ஒரு முழு நாள். கரிசல் ஈரமாக இருக்கும்போதே கழுவ வேண்டும். ஒருமுறை அசதியில் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் வெயில் ஏறியபிறகு பின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே செங்கல் மாதிரி கட்டியாகக் கிடந்தது. உளி வைத்துத் தட்டி எடுத்தேன். பிரேக் ஷூ இரண்டும் அரைபட்டுப்போய் மாற்ற வேண்டியதாயிற்று.

ரேடியேட்டரை இஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் மண் இன்னும் உள்ளே போய் அடைக்கும், அடுத்த ஓட்டத்திலேயே இஞ்சின் சூடேறும். பேரிங் சீல்களின் மேல் பிரஷர் தண்ணீரை நேராக அடிக்கக் கூடாது. ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சூடான ஆக்சில் சேற்றுத் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது காற்று போகும் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி பானெட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டியதோடு எனக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது. அதே அக்கறை இஞ்சின் காற்றுக்குழாய்க்கும் வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

போட்டி என்று நான் போனதெல்லாம் பெரும்பாலும் குமுளி தாண்டி, இடுக்கி, கோட்டயம் பக்கம். வண்டியை ஓட்டிக்கொண்டு போவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றிய வண்டியைச் சாலைக்கு அனுமதிக்காது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதனால் ஜீப்பை லாரியில் ஏற்றி, உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குச் சுமார் 140 கி.மீ. லாரி வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு இறங்குங்கள்.

அங்கே மண் வேறு. செம்பூராங்கல் மண், நம் கரிசல் போல ஒட்டாது. ஆனால் குழியைப் பொக்லைன் வைத்து ஆழமாகத் தோண்டிக் கலக்கியிருப்பார்கள். ஒல்லி டயர் அடியைத் தேடி இறங்கிக்கொண்டே போகும். முதல் போட்டியில் பாதிக் குழியில் ஆக்சில் ஹவுசிங் (ஆக்சிலை மூடிய இரும்புக் கூடு) சேற்றில் தட்டி நின்றேன். கழற்றிப் போட்ட அந்த அகல டயர் அங்கேதான் வேலைக்கு வந்தது, மிதந்து போனது. அதனால் இரண்டு செட் டயரும் வைத்திருக்கிறேன். எந்த மண் என்று கேட்காமல் டயர் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு), தோள் வழியாக வரும் பெல்ட், ஹெல்மெட் மூன்றும் இல்லாமல் வண்டியை வயலில்கூட இறக்காதீர்கள். சிக்கிய வண்டியை இழுக்கும்போது கம்பி வடத்தின் மேல் நனைந்த கோணிச் சாக்கைப் போடுங்கள், பக்கத்தில் ஆளை நிற்க விடாதீர்கள். அறுந்தால் அது வீசுகிற வேகம் பயங்கரம்.

போன மாதம் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. இன்றைக்கு மதியம் மாமா வயலில் மறுபடி ஓட்டினோம். இதை எழுதும்போது பின் டிரம் இரண்டும் கழன்று திண்ணையோரம் கிடக்கின்றன, சேறு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. மோட்டார் போட்டாயிற்று, ஹோஸில் தண்ணீர் வந்துவிட்டது.