கிளீட்டுக்கு ஸ்க்ரூ போதுமா, போல்ட் வேண்டுமா?

பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. பாய் விரித்துத் தடா பக்கம் போகிற படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகை மணல்திட்டில் தட்டினால் படகு நிற்கும், காற்று நிற்காது. அந்த இழுப்பு முழுக்கக் கிளீட்டில் விழும்; படகின் மேல்தளமான டெக்கில் பொருத்தி, பாய்க்கயிறு கட்டுகிற பிடிதான் கிளீட். 14 அடி ஃபைபர் படகானாலும் அது லேசான இழுப்பு இல்லை.

மேலிருந்து ஸ்க்ரூவை முடுக்குவது சுலபம், அடியில் ஆள் வேண்டாம். ஆனால் டெக்கின் மேல்தோல் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதில் ஸ்க்ரூவின் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். பக்கவாட்டு இழுப்பைக் கொஞ்சம் தாங்கும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். விளக்கு, திசைகாட்டி வைக்கும் தாங்கி, இவற்றுக்குப் போதும். பாயின் இழுப்பு படும் எதற்கும் வேண்டாம்.

போல்ட் போட்டு அடியில் சின்ன வாஷர் மட்டும் வைப்பது பாதி வேலை. வாஷர் ஃபைபரில் புதையும், மேலே ஜெல்கோட்டில், அதாவது ஃபைபரின் மேற்பூச்சில், நட்சத்திரம் மாதிரி கீறல் விழும். கிளீட்டைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிய அடித்தகடு வையுங்கள். 6 மி.மீ. எபாக்சி கிளாஸ் ஷீட் சிறந்தது, 12 மி.மீ. மரைன் பிளைவுட்டை எபாக்சி பூசியும் வைக்கலாம். அலுமினியத் தகடு உப்புநீரில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக அரிக்கும். அடியில் கை போகாவிட்டால், ஆறு அங்குல இன்ஸ்பெக்ஷன் மூடி ஒன்று வெட்டுவது ஸ்க்ரூவோடு சமாதானமாவதைவிட மேல்.

டெக்கைக் கெடுப்பது இழுப்பைவிடத் தண்ணீர்தான். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட்டோ பால்சா என்ற லேசான மரமோ இருக்கும். ஓட்டை வழியே நீர் இறங்கினால் அது சத்தமில்லாமல் உளுக்கும். ஸ்க்ரூவைக் கழற்றும்போது தேநீர் நிறத்தில் நீர் கசிந்தால் உள்ளே மரம் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்பேனர் பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் கணீரென்னும், உளுத்த இடம் பொத்தென்னும்.

அதனால் 6 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 12 மி.மீ. ஓட்டை, மேல்தோலும் மரமும் மட்டும்; கீழ்த்தோலைத் தொடாதீர்கள். வெறும் எபாக்சியைத் தடவி மரம் ஊற விட்டு, பிறகு சிலிகா பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்புங்கள். கையால் பிசைந்து அடைக்கும் எபாக்சி மாவு (புட்டி) மரத்துக்குள் ஊறாது. மறுநாள் நடுவில் 6 மி.மீ. டிரில் போட்டு, வாயை மட்டும் சற்றே அகலமாகச் சரித்து விடுங்கள். நீர் புகாமல் அடைக்கும் பசை தங்குவது அந்தச் சரிவில்தான்.

பசையில் சிலிகோனைத் தவிருங்கள். அது விட்டுப்போன இடத்தில் வேறு பசையும் பெயிண்டும் ஒட்டாது. பாலியூரித்தேன் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நிரந்தர ரகமாக இருந்தால் கழற்றும்போது ஜெல்கோட்டையும் பெயர்த்து வரும். கிளீட்டுக்கு ரப்பர் மாதிரி ஒட்டும் பியூட்டைல் டேப்தான் சரி: இறுகாது, எப்போதும் கழற்றலாம். பெட்ரோல், டீசல் படும் இடத்தில் மட்டும் கரையும். கடையில் கூரைக்கு ஒட்டும் தார் டேப்பைக் கொடுத்தால் வாங்காதீர்கள், வெயிலில் உருகும். போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட்டே சுழன்றால் பசை அறுந்துவிடும். ஓரமெல்லாம் பியூட்டைல் பிதுங்க வேண்டும். மறுநாள் இன்னொரு அரைச்சுற்று.

போல்ட் வாங்கும்போது தலையில் ஏ4 என்ற குறியைப் பாருங்கள், அதுதான் உப்புநீருக்கு ஏற்ற 316 ரக ஸ்டெயின்லெஸ். ஏ2 என்றால் 304. காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.