ஒரு மிஷினுக்குத்தான் காசு இருக்குன்னா டீஹைட்ரேட்டர் வாங்குங்க – ரெண்டும் வச்சு ரெண்டு வருஷம் ஓட்டுன அனுபவம்

சமைக்காத உணவு ஆரம்பிக்கணும்னு நினைக்கறவங்க எல்லாருமே முதல்ல கேக்கற கேள்வி எந்த ஜூஸர் நல்லதுன்னுதான், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு இப்ப என்கிட்ட யாராவது கேட்டா ஜூஸர் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒரு நல்ல டீஹைட்ரேட்டர், அதாவது பழம் காய்கறிய லேசான சூட்டுல காத்தடிச்சு காய வைக்கற மிஷின், வாங்குங்கன்னுதான் சொல்றேன். ஏன்னு விவரமா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், வாங்கப்போற ஐடியா இருந்தா பொறுமையா படிங்க.

எங்க ஊரு நாகர்கோவில். பெரியப்பா ரொம்ப வருஷம் முன்னாடி இயற்கை உணவு சொல்லிக் குடுக்கற சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமத்துக்குப் போயிட்டு வந்து தேங்காயும் பழமும் தான் ராத்திரி சாப்பாடுன்னு மாறினவரு, அதனால இந்த சாப்பாடு எங்க வீட்டுக்கு புதுசு இல்ல. நான் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை சமைக்காம சாப்பிடறேன், மதியம் மட்டும் எல்லாரோடயும் சேந்து சோறு. இதுல எனக்கு கஷ்டமா இருந்தது பசி கிடையாது. மொறுமொறுன்னு, உப்பா, புளிப்பா கடிக்க ஒண்ணும் இல்லாததுதான் கஷ்டம். சாயங்காலம் 5 மணிக்கு பக்கத்து வீட்ல முறுக்கு சுடுற வாசனை வந்தா ஒரு கிளாஸ் கேரட் ஜூஸ் வச்சு என்ன பண்ண முடியும் சொல்லுங்க. நான் ரெண்டு தடவை விட்டுட்டு ரெண்டு தடவை திரும்ப ஆரம்பிச்சேன், மூணாவது தடவை நிலைச்சதுக்கு காரணம் டீஹைட்ரேட்டர்தான்.

சரி, முதல்ல ஜூஸர் கதைய சொல்லிடறேன், எல்லாரும் அதத்தான் தேடி வந்திருப்பீங்க.

வீட்டு ஜூஸர்ல ரெண்டு வகைதான் நமக்கு முக்கியம். ஒண்ணு வேகமா சுத்தி துருவி வடிகட்டுற சென்ட்ரிஃபியூகல். ஜூஸ் கடைல எல்லாம் பாப்பீங்களே சுஜாதா பவர்மேட்டிக், 900 வாட்ஸ், 22,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து), அது இந்த ரகம். இன்னொன்னு மெதுவா நசுக்கிப் பிழியற கோல்ட் பிரஸ், ஸ்லோ ஜூஸர்னும் சொல்வாங்க. கொரியாக்காரங்க ஹுரோம், குவிங்ஸ் எல்லாம் இதுல பேர் போனவங்க, குவிங்ஸ் பி1700 மாடல் 60 ஆர்பிஎம்-ல சுத்தும், ஹுரோம் அதவிட மெதுவா 43-ல. வேகமா சுத்துனா சூடாகி என்சைம் எல்லாம் செத்துடும், கோல்ட் பிரஸ் மட்டும்தான் உயிருள்ள ஜூஸ்னு சொல்லித்தான் விக்கறாங்க. நான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வச்சு பாத்தேன். கேரட் 28 டிகிரி இருந்தது, மயினி வீட்டு பழைய சென்ட்ரிஃபியூகல்ல போட்டு எடுத்த ஜூஸ் 31 டிகிரி. மூணே டிகிரி. நம்ம ஊரு மத்தியான வெயில்ல மேஜை மேல வச்ச பழமே அதவிட சூடா இருக்கும். அதனால சூட்டுக்கு பயந்து 20,000 ரூபா செலவு பண்ணாதீங்க.

கோல்ட் பிரஸ்ல உண்மையான லாபம் வேற. ஒண்ணு, ஜூஸ் அதிகம் வரும். ஊட்டி கேரட் 1 கிலோ போட்டுப் பாத்ததுல பழைய மிஷின்ல 430 மில்லி, கோல்ட் பிரஸ்ல 560 மில்லி, சக்கைய கையில எடுத்தாலே தெரியும், அதுல ஈரமா சொதசொதன்னு இருக்கும், இதுல உதிரும். ரெண்டாவது, நுரை கம்மி, காத்து அவ்வளவா கலக்காததால கிளாஸ்ல சீக்கிரம் தண்ணி தனியா சக்கை தனியா பிரியாது. மூணாவது கீரை, புதினா, பெருநெல்லி. அந்த வேக மிஷின்ல கீரைய போட்டா சுவத்துல ஒட்டிக்கிட்டு ஒரு ஸ்பூன் சாறு கூட வராது, கோல்ட் பிரஸ்ல வரும். அருகம்புல்தான் தினமும் உங்களுக்கு வேணும்னா நிக்குற மாடல் வேண்டாம், படுக்கை வசமா ஆகர் (நசுக்கிப் பிழியற திருகு தண்டு) இருக்கற ஹரிசான்டல் மாடலா பாருங்க, புல்லு நாருக்கு அதுதான் லாயக்கு.

நார்னு சொன்னதும் வாழைத்தண்டு ஞாபகம் வருது, இத கண்டிப்பா சொல்லணும். வாழைத்தண்டு நறுக்கும்போது அம்மால்லாம் நாரை ஆள்காட்டி விரல்ல சுத்திக்கிட்டே போவாங்க இல்ல, ஒரு வட்டம் வெட்டறது, நார விரல்ல சுத்தறது, அடுத்த வட்டம். அந்த வேலைய செய்யாம நேரா துண்டு போட்டேன் வாங்கின முதல் வாரத்துல. நாரு பூரா ஆகர் தண்டுல கயிறு மாதிரி இறுக சுத்திக்கிட்டு மிஷின் உறுமிட்டு நின்னுடுச்சு, ரிவர்ஸ் போட்டும் வரல, கடைசில மூடிய கழட்டி கத்திரிக்கோலால வெட்டி வெட்டி எடுத்தேன், முக்கா மணி நேரம். இப்ப வட்டமா வெட்டி, நாரெடுத்து, பொடிசா நறுக்கி மோர் தண்ணில போட்டு வச்சு அப்புறம்தான் போடறேன். நெல்லிக்கும் கொட்டைய எடுத்துருங்க.

கழுவறதுதான் பெரிய விஷயம், கடைல நின்னு பாக்கும்போது இது மனசுல வராது. என் மிஷின்ல கழட்டி கழுவ 5 பாகம், அந்த சல்லடைல பிரஷ் வச்சு தேய்க்கணும், உடனே கழுவுனா 6 நிமிஷம், அரை மணி நேரம் விட்டுட்டா காஞ்சு ஒட்டிக்கிட்டு 20 நிமிஷம். ஸ்பேர் பார்ட் கதையும் கேளுங்க. ஒன்பதாவது மாசம் ஆகர்ல கீறல் விழுந்துச்சு, ஃப்ரீசர்ல இருந்த பழத்த நல்லா இளக விடாம போட்டது என் தப்புதான், ஆனா புது ஆகர் வர்றதுக்கு 5 வாரம் ஆக்கிட்டாங்க, அதுவரைக்கும் 14,500 ரூபா மிஷின் மேல துணி போத்தி வச்சிருந்தேன். எந்த கம்பெனின்னு எழுத விரும்பல. வாங்கறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு, ஆகரும் சல்லடையும் தனியா கிடைக்குமா, என்ன விலை, எத்தன நாள்ல வரும்னு கேட்டுட்டு வாங்குங்க, மோட்டருக்கு 10 வருஷ வாரன்ட்டின்னு போட்டிருக்கறத மட்டும் பாத்து சந்தோஷப்படாதீங்க, உடையறது மோட்டர் இல்ல.

அந்த 5 வாரமும் என்ன பண்ணேன்னா மிக்ஸி. கொஞ்சம் தண்ணி விட்டு அரைச்சு பழைய வெள்ளை வேட்டித்துணில பிழிஞ்சேன். உண்மைய சொல்லணும்னா வெண்பூசணி, வெள்ளரி, தக்காளி இதுக்கெல்லாம் மிக்ஸியும் துணியுமே போதும், ருசில வித்தியாசமே தெரியல. தேங்காப்பாலுக்கு மிக்ஸிதான் பெஸ்ட். ஜூஸருக்கு வீட்லயே மாத்து இருக்கு, டீஹைட்ரேட்டருக்கு கிடையாது, அதனாலதான் தலைப்புல அப்படி போட்டேன்.

ஜூஸ் விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை சொல்லாம விட மனசு வரல. சுரைக்காய் ஜூஸ் போடறவங்க முதல்ல ஒரு துண்டு நாக்குல வச்சு பாருங்க, கசந்தா அப்படியே தூக்கிப் போட்டுடுங்க, தேனோ எலுமிச்சையோ விட்டு குடிக்காதீங்க. 2010-ல டெல்லில கசப்பு சுரைக்காய் ஜூஸ் குடிச்சு ஒருத்தர் இறந்தே போயிட்டாரு, அதுக்கப்புறம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நிபுணர் குழு போட்டு கசந்தா குடிக்கவே கூடாதுன்னு சொன்னாங்க. இன்னொன்னு சுகர். எங்க அப்பாவுக்கு சுகர் இருக்கு, கேரட் ஆப்பிள் ஜூஸ் குடிச்சு ஒரு மணி நேரத்துல டெஸ்ட் பண்ணா ஏறி நின்னுச்சு, அதே கேரட்ட துருவி தேங்காப்பூ போட்டு சாப்பிட்டா அவ்வளவு ஏறல. நாரை எடுத்துட்டா அப்படித்தான். அவருக்கு ஜூஸ் நிப்பாட்டியாச்சு, துருவல் மட்டும்தான்.

இப்ப டீஹைட்ரேட்டர். நம்ம ஊர்ல வெயிலுக்கு பஞ்சமா, மொட்டை மாடி இருக்க எதுக்கு கரண்ட்ல காய வைக்கணும்னு எங்க அத்தையும் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். மாங்கா வத்தலும் மோர் மிளகாயும் இன்னிக்கும் எங்க வீட்ல மாடிலதான் காயுது. ஆனா எங்க மாவட்டத்துக்கு தென்மேற்கு மழையும் உண்டு வடகிழக்கு மழையும் உண்டு, வருஷத்துல பாதி நாள் வானம் மூடிக்கிட்டு இருக்கும், காத்துலயே தண்ணி. உப்பு போட்ட வத்தல் ரெண்டு நாள் வெயில் இல்லாட்டியும் தாங்கும், உப்பில்லாத பழமும் ஊற வச்ச விதையும் தாங்காது, புளிச்சு பூசணம் பிடிச்சிடும்.

நான் முதல்ல வாங்குனது வட்டமா தட்டு மேல தட்டு அடுக்கற மாடல், ஃபேன் அடில இருக்கும், 4,000 ரூபாக்குள்ள. பெரிய தப்பு. அடித்தட்டு கருகும் மேல்தட்டு ஈரமாவே இருக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க எந்திரிச்சு தட்டு மாத்தணும், தக்காளி சாறு சொட்டி நேரா மோட்டர்ல விழும், நடுவுல ஓட்டை இருக்கறதால பெரிய ஷீட்டா எதையும் ஊத்த முடியாது. அத விட மோசம், 45-ல வச்சா உள்ள தெர்மாமீட்டர் 61 காட்டுச்சு. சமைக்காத உணவுக்காரங்க பொதுவா வச்சுக்கற எல்லை 48 டிகிரி, அதாவது 118 ஃபாரன்ஹீட். அதுக்குள்ள காய வைக்கணும்னு தான மிஷினே வாங்கறோம். இதுல 61-ல வெந்தே போயிடுது.

அத குடுத்துட்டு வாங்குனது பெட்டி மாடல். ஃபேன் பின் பக்கம், காத்து தட்டுக்கு குறுக்கால அடிக்கும், அதனால மேல கீழன்னு வித்தியாசம் இல்லாம எல்லா தட்டும் ஒரே மாதிரி காயுது. அமெரிக்காவுல எக்ஸ்காலிபர்னு ஒரு மிஷின், 1970-கள்ல இருந்தே இந்த டிசைன்தான், ரா ஃபுட், அதான் சமைக்காத உணவு ஆளுங்க கொண்டாடுவாங்க. அங்கேர்ந்து யாராவது கொண்டு வந்து தர்றேன்னா வோல்டேஜ பாருங்க, அவங்க 110-120 வோல்ட், நம்மது 230, ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சாதான் ஓடும், நான் வேண்டாம்னு விட்டுட்டேன். இங்கயே 6 ஸ்டீல் தட்டு போட்டது வாங்கினேன். வாங்கும்போது நான் பாத்தது நாலு விஷயம்தான், ஃபேன் பின்னாடி இருக்கா, தட்டு ஸ்டீலா, தட்ட ஒண்ணு விட்டு ஒண்ணு உருவ முடியுமா, 35 டிகிரிக்கு இறங்குமா. கடைசி விஷயம் முருங்கைக்கீரைக்கும் கறிவேப்பிலைக்கும். 40-க்குள்ள 5 மணி நேரம் வச்சா பச்சைக் கலர் மாறாம நொறுங்கும், பொடி பண்ணா அந்த வாசனை அப்படியே இருக்கும்.

கரண்ட் எவ்வளவு இழுக்கும்னு எல்லாரும் கேப்பாங்க. என் மிஷின் 400 வாட்ஸ், 16 மணி நேரம் விடாம ஓடுனா கணக்குப்படி 6.4 யூனிட், ஆனா சூடு வந்ததும் ஹீட்டர் கட் ஆகி கட் ஆகி வர்றதால மீட்டர்ல பாத்தா 4 யூனிட் பக்கம்தான். வாரம் ஒரு தடவை போட்டாலும் ரெண்டு மாசத்துக்கு 35 யூனிட்டுக்குள்ள. நம்ம வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்ங்கறதால எனக்கு பில்லுல பெருசா தெரியல.

என்ன போடறேன்னு கேட்டா, முதல்ல ஜூஸ் சக்கை. கேரட் சக்கை ரெண்டு கப், ஊற வச்ச ஆளி விதை அரை கப், ரெண்டு தக்காளி, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், இந்துப்பு எல்லாம் சேத்து அரைச்சு தட்டு மேல விரிக்கற ஷீட்ல தோசை கனத்துக்கு தடவி, கத்தியால கோடு போட்டு 47-ல 8 மணி நேரம், அப்புறம் திருப்பிப் போட்டு ஷீட்ட உரிச்சிட்டு இன்னும் 6 மணி நேரம். உடைச்சா டக்குன்னு சத்தம் வரணும். அந்த முறுக்கு நேரத்துக்கு இதுதான் என் பதில், என் பையன் ஸ்கூல்ல இருந்து வந்ததும் டப்பாவ தேடறான். கனமா தடவிடாதீங்க, இந்த சூட்டுல கனமா இருந்தா காயறதுக்குள்ள புளிச்சிடும்.

ரெண்டாவது மட்டிப்பழம், எங்க ஊரு வாழைப்பழ ரகம். எங்க குமரி மாவட்டத்து மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது, வடசேரி சந்தைல குலையா வாங்கினா நாலே நாள்ல மொத்தமா பழுத்து நிக்கும், யாரு சாப்பிட்டு தீக்கறது. நீளவாக்குல ரெண்டா பிளந்து 47-ல 20 மணி நேரம். தேன் கலர்ல, ஓரம் சுருங்கி, பல்லுல ஒட்டற மாதிரி வரும், சீனி ஒரு துளி வேண்டாம். மாம்பழக் கூழ ஷீட்ல ஊத்தி காய வச்சா, ஓரத்த நகத்தால லேசா நெம்பி இழுத்தா முழு ஷீட்டும் சர்ர்ருன்னு உரிஞ்சு வரும், வெளிச்சத்துல பிடிச்சா கண்ணாடி மாதிரி ஆரஞ்சா தெரியும். யாழ்ப்பாணத்துல பனம்பழக் களிய பாயில ஊத்தி ஊத்தி வெயில்ல காய வச்சு பனாட்டு பண்ணுவாங்களே, அதே வித்தைதான். எங்க ஊர்லயும் பனை இருக்கு, இந்த ஆவணில பனம்பழம் கிடைச்சா நானும் போட்டுப் பாக்கப் போறேன்.

மரச்சீனிய (மரவள்ளிக் கிழங்கு) மட்டும் பச்சையா அரைச்சு இதுல போட்டு சாப்பிட்டுடாதீங்க, எங்க ஊர்ல கேட்டவங்க இருக்காங்க. அதுல சயனைடு வரும், வேக வச்சுதான் சாப்பிடணும். ராஜ்மாவும் அப்படித்தான், முளை கட்டினாலும் பச்சையா கூடாது.

காஞ்சதும் சூடா டப்பால அடைக்காதீங்க, நல்லா ஆறணும். பழம்னா கண்ணாடி பாட்டில்ல முக்கால் அளவு போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கி விடுங்க, பாட்டில் உள்பக்கம் நீர் கோத்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், திரும்ப 3 மணி நேரம் மிஷின்ல வைங்க. போன மழைக்கு இத செய்யாம விட்டு ரெண்டு கிலோ மட்டி பூசணம் பிடிச்சு மாட்டுக்குக் கூட போட முடியாம குப்பைல போச்சு.

குறைனு பாத்தா பெட்டி மாடல்ல சத்தம் இருக்கு, மேஜை ஃபேன் மூணுல ஓடற அளவுக்கு, ராத்திரி பூரா. ஹால்ல வச்சா தூக்கம் போயிடும், நான் ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கேன். இடமும் மைக்ரோவேவ விட பெருசா அடைக்கும். கூட வந்த ஷீட் ரெண்டுதான், தட்டு ஆறு, மீதி நாலு ஷீட் தனியா 1,200 ரூபாக்கு வாங்க வேண்டி வந்துச்சு, ஆர்டர் போடும்போதே சேத்து கேட்டுடுங்க.

எந்த மாடலா இருந்தாலும் வந்த அன்னிக்கே ஒரு தெர்மாமீட்டர நடுத்தட்டுல வச்சு ஒரு மணி நேரம் காலியா ஓட்டிப் பாத்துடுங்க, ரிட்டர்ன் பண்ற நாள் முடியறதுக்குள்ள. என்னுது 47-ல வச்சா 46-க்கும் 49-க்கும் நடுவுல ஆடுது, அதனால மேல 47-ன்னு எழுதுனதெல்லாம் இப்ப 45-லதான் வைக்கறேன்.