அட்ராசின் 50 சதத் தூள்: மக்காச்சோளத்துக்குச் சரி, அடுத்த பயிருக்கு?

அட்ராசின் ஒரு களைக்கொல்லி. மக்காச்சோளத்தைத் தனிப்பயிராகப் போடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். வரிசைக்கு நடுவே உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராக விதைத்திருந்தால் இந்தப் பாக்கெட்டைத் தொடவே கூடாது. மற்ற விஷயமெல்லாம் இந்த மருந்து இலைக்குள் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது.

அட்ராசின் களையைப் பொசுக்குவதில்லை. மண் ஈரத்தோடு வேர் வழியாக ஏறி இலைக்குப் போகிறது. அங்கே பச்சையம் பிடித்த ஒளியாற்றலை எலெக்ட்ரானாக வாங்கிக் கடத்த வேண்டியது பிளாஸ்டோகுவினோன் என்ற மூலக்கூறு. அது டி1 என்ற புரதத்தில் வந்து உட்காரும் இடத்தை அட்ராசின் பிடித்துக்கொள்கிறது. எலெக்ட்ரான் ஓட்டம் நின்றுவிடும், வெயில் நிற்காது. போக்கிடமில்லாத அந்த ஆற்றல் ஆக்சிஜனை வீரியமாக்கி, செல் சவ்வுகளை அரித்துவிடும். ஆக, களை சாவது பட்டினியால் அல்ல, தான் வாங்கிய வெளிச்சத்தால்.

இதனால்தான் 'அடித்தேன், களை பச்சையாக முளைத்துவிட்டது, மருந்து போலி' என்ற புகார் பெரும்பாலும் தவறு. முளைப்பதை இது தடுக்காது. விதையில் இருந்த உணவு தீர்ந்து, இலை சொந்தமாகச் சமைக்கத் தொடங்கிய பிறகே ஓரம் மஞ்சளாகிக் காயும். சாரணை, தொய்யக்கீரை, பார்த்தீனியம் நாற்றுகளுக்கு நன்றாகக் கேட்கும். கிழங்கிலிருந்து கிளம்பும் கோரைக்கும் அருகுக்கும் கேட்காது. அவற்றை நம்பி அளவைக் கூட்டுவது வீண்.

மக்காச்சோளம் தப்பிப்பது டி1 புரதம் வேறு மாதிரி இருப்பதால் அல்ல. அதன் இலை அட்ராசினைத் தன் செல்லிலுள்ள குளூட்டாதயோன் என்ற பொருளோடு பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. சோளமும் அப்படியே. பயறு, நிலக்கடலை, வெங்காயம், காய்கறிகளுக்கு அந்தத் திறன் போதாது.

அளவில்தான் குழப்பம். லேபிள் ஹெக்டேருக்கு 1 முதல் 2 கிலோ தூள், அதாவது ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம் என்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 500 கிராம், ஏக்கருக்கு 200 கிராம்தான் சொல்கிறது; கூடவே 40 – 45ஆம் நாளில் ஒரு கைக்களையும் சேர்த்து. கைக்களைக்கு ஆள் கிடைக்குமானால் இரண்டாவதே புத்திசாலித்தனம், செம்மண்ணில் கட்டாயம். கரிசலில் களிமண் மருந்தைப் பிடித்துக்கொள்வதால் சற்றுக் கூட்டலாம். 800 கிராம் வரை போகத் தேவையில்லை.

விதைத்த 3 முதல் 5 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது அடிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் அடித்தால் மருந்து மேலேயே கிடக்கும், வேருக்கு எட்டாது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 லிட்டர் டேங்க் என்றால் 20 டேங்க். 200 கிராம் என்றால் டேங்குக்கு 10 கிராம், 400 கிராம் என்றால் 20 கிராம். தூளை நேரே டேங்கில் கொட்டாமல், சிறு வாளியில் குழைத்து வடிகட்டி ஊற்றுங்கள். இது கரையாது, துகளாகத் தண்ணீரில் பரவி நிற்கும். கலக்காமல் விட்டால் அடியில் படிந்து, கடைசி நாலு சாலுக்கு இரட்டை மருந்து போய்விடும். பூச்சிமருந்துக்குப் போடும் கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, விசிறி போல் அடிக்கும் தட்டை நாசிலை மாட்டுங்கள். பின்னோக்கி நடந்து அடித்தால் மருந்துப்படலத்தை மிதிக்காமல் தப்பலாம்.

வரப்பில் நிற்கும் பெரிய மரங்களுக்குப் பயம் குறைவு, மருந்தில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கும். மணல்கலந்த நிலத்தில் இளம் முருங்கை, நெல்லிக் கன்றுகள்தான் மாட்டும். நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். இதை இரும்புச்சத்துக் குறை என்று நினைத்து அன்னபேதி அடிப்பவர்கள் உண்டு. இரும்புக் குறை கொழுந்திலையில் தொடங்கும், அட்ராசின் பாதிப்பு முதிர்ந்த இலையில் முதலில் தெரியும்.

முளைத்துவிட்ட களைக்கு இப்போது டெம்போட்ரியோன் என்ற இன்னொரு களைக்கொல்லியோடு கலந்து அடிக்கிறார்கள். கலவை வீண் விளம்பரம் அல்ல. டெம்போட்ரியோன் பிளாஸ்டோகுவினோன் உற்பத்தியையே குறைக்கிறது. போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் அட்ராசின் எளிதாக உட்காரும். இலை வெள்ளையாவது பிளாஸ்டோகுவினோன் குறைவதால்தான்.

பெரிய குறை, மண்ணில் தங்குவது. சராசரியாகப் பாதி சிதையவே இரண்டு மாதம் போல ஆகும், காரத்தன்மை கூடிய மண்ணில் இன்னும் இழுக்கும். நிலத்தடி நீரில் கண்டதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அனுமதியை மறுத்தது. கிணற்றோரம் அடிக்காதீர்கள், டேங்கை வாய்க்காலில் கழுவாதீர்கள். பெரம்பலூர்ப் பக்கக் கரிசலில் மக்காச்சோளத்துக்குப் பின் சின்ன வெங்காயம் போட நினைப்பவர்கள் முதலில் மேல்மண்ணைத் தொட்டியில் எடுத்து, பத்து உளுந்து விதை ஊன்றுங்கள். மருந்து படாத மண்ணில் இன்னொரு தொட்டி, ஒப்பிட. முளைத்ததைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று வாரம் வெயிலில் வைத்து, மூன்று சிற்றிலை கொண்ட மூவிலைகள் விரிந்த பிறகு அடியிலையின் ஓரத்தைப் பாருங்கள்.