மினரல் சன்ஸ்கிரீனா, கெமிக்கல் சன்ஸ்கிரீனா?

என் முகம் சட்டுனு எரியுற டைப்பு, அதனால ரெண்டையுமே மாசக்கணக்குல போட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன். மினரல்ல இருக்கறது ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, இது தோலுக்கு மேலயே உக்காந்துக்கும், எரிச்சல் ரொம்பக் கம்மி, சென்சிடிவ் ஸ்கின்னுக்கும் ஆறு மாசம் தாண்டின குழந்தைங்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன். ஆனா மாநிறத்துலயும் கருப்புலயும் வெள்ளையா திட்டு திட்டா தெரியும், அது நெஜமாவே கடுப்பு, டின்ட், அதாவது தோல் நிறத்துல சாயம் கலந்தது, இருக்கறதா வாங்கினா ஓரளவு சரியாயிடும்.

கெமிக்கல்ல அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன் மாதிரி ஐட்டம். லேசா இருக்கும், பூசினதே தெரியாது, ஆனா வேர்வையோட கண்ணுல இறங்கினா எரியும் பாருங்க, அப்பா! வெளிய கெளம்பறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியே போட்டுடணும். இதெல்லாம் ரத்தத்துல கலக்குதுன்னு 2019ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆய்வுல வந்துச்சு, அதுக்காக கெடுதல்னு நிரூபணம் ஆயிடல, இருந்தாலும் ஆக்ஸிபென்சோன் இருந்தா நான் வாங்கறதில்ல.

எதை எடுத்தாலும் பிராட் ஸ்பெக்ட்ரம்னு போட்டிருக்கணும், அதாவது யூவிஏ, யூவிபி ரெண்டு வகை புற ஊதாக் கதிரையும் தடுக்கும்னு அர்த்தம். எஸ்பிஎஃப்ங்கறது பாதுகாப்பு அளவைச் சொல்ற நம்பர், அது 30ன்னா தோலை எரிக்கற யூவிபி கதிர்ல 97 சதவீதம் தடுக்கும், 50ன்னா 98, அவ்ளோதான் வித்தியாசம், அதனால நம்பரை விட அளவுதான் முக்கியம், முகம் கழுத்துக்கு ரெண்டு விரல் நீளம் எடுங்க, வெயில்ல இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடுங்க.